நாயின் கட்டிக்கு ஊசியா, கத்தியா?

மழைக்காலத்தில் தேயிலை மலைக்குள் போய் வரும் நாயின் காலில் அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்படித் தடவிய அம்மாவின் கையில் ஒரு நாள் ஜிம்மியின் முன்னங்காலில் நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்று அகப்பட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு. "கொழுப்புக் கட்டிதான், விட்டுரு" என்றார் பெரியப்பா. "வெட்டி எறிஞ்சிட்டா முடிஞ்சுது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இலங்கை மலைநாட்டின் ஹட்டன் டவுனில் மிருக வைத்தியரிடம் காட்டியபோது அவர் கேட்டது வேறு: "முதல்ல ஊசி குத்திப் பார்ப்பமா, நேரா துண்டு எடுத்து அனுப்புவமா?"

இரண்டையும் பார்த்தாகிவிட்டது. அதனால் சொல்கிறேன்.

ஊசிச் சோதனைக்கு மயக்க மருந்து வேண்டாம். தடுப்பூசி போடும் அளவு மெல்லிய ஊசிதான். கட்டிக்குள் விட்டு, திசை மாற்றி நாலைந்து தடவை அசைத்து எடுத்தார். ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை இழுத்து, மறுபடி மாட்டி, உள்ளே இருந்ததைக் கண்ணாடித் துண்டில் பீச்சினார். இன்னொரு கண்ணாடியால் மெதுவாக இழுத்து, விசிறிக் காயவைத்து, நுணுக்குக்காட்டியில் செல் தெரிவதற்காகச் சாயத்தில் முக்கினார். ஜிம்மி அதற்குள் இரண்டு பிஸ்கட் தின்று முடித்திருந்தது.

சில கட்டிகளுக்கு இதுவே போதும். கொழுப்புக் கட்டியென்றால் கண்ணாடியில் எண்ணெய் மாதிரி பளபளக்கும், காயவே காயாது. ஒவ்வாமையில் வேலை செய்யும் மாஸ்ட் செல்லில் வரும் கட்டியென்றால் செல் நிறைய ஊதா நிறப் பொடி. தோட்டத்து நாய்களுக்கு முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது, இனச்சேர்க்கையில் தொற்றும் கட்டி. அதில் பரவுவது கிருமி அல்ல, புற்றுச் செல்லேதான். நாய்க்கு 78 குரோமோசோம் இருக்க, இந்தச் செல்லில் 60க்குப் பக்கம்தான் இருக்கும். உருண்டைச் செல்லும் அதற்குள் தெளிவான குமிழ்களும் தெரிந்தால் அனுபவமுள்ள கண்ணுக்கு ஐயமில்லை. கத்தியே வேண்டாம், வாரத்துக்கு ஒன்றாகச் சில வாரங்கள் வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்து ஊசி போட்டாலே பெரும்பாலும் கரைந்துவிடும். இதற்குப் போய் மயக்கம் கொடுத்து வெட்டச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஊசி கைவிடும் இடமும் உண்டு. தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் சார்கோமா என்ற புற்று வகையில் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும், ஊசிக்குச் சுலபமாக வராது. ஜிம்மியின் கண்ணாடியில் வந்தது வெறும் இரத்தம். "கேன்சர் செல் ஒண்ணும் இல்லையாம்" என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். செல்லே வராத கண்ணாடிக்கும் நல்ல செல் வந்த கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசத்தை டொக்டர் இரண்டாம் தடவை விளக்கியபோதுதான் எனக்கும் புரிந்தது. பெட்டை நாயின் மடிக் கட்டியிலும் ஊசியை நம்பி உட்காரக் கூடாது. நல்லதா கெட்டதா என்று அதில் உறுதியாகப் பிரிக்க முடியாது.

அப்புறம், கட்டியில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்புவது. நாயைப் பட்டினி போட வேண்டும், மயக்க வேண்டும், தையல் போட வேண்டும். செலவும் கூட. கிடைக்கும் பதில் மட்டும் வேறு தரம்: கட்டியின் பெயர், அதன் வேகம், பக்கத்துத் தசைக்குள் எப்படிப் புகுகிறது, எல்லாம் தெரியும். கட்டியின் நடுப்பகுதி செத்த சதையாக இருக்கலாம் என்பதால் ஓரத்திலிருந்து எடுத்தார். அதை, சதை கெடாமல் காக்கும் போர்மலின் திரவத்தில், துண்டைப் போல் பத்து மடங்கு அளவில் போட்டார். நான் கொண்டுபோயிருந்த ஒடுங்கிய வாய் மருந்துப் போத்தலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பச்சைச் சதை உள்ளே வழுக்கிப் போய்விடுமாம், போர்மலினில் விறைத்த பிறகு வெளியே வராதாம். கடைசியில் அகன்ற வாய் ஜாம் போத்தல்தான். கண்ணாடித் துண்டுகளை அதே பைக்குள் வைக்கவும் விடவில்லை, போர்மலின் ஆவி பட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது. கினிகத்தேனை வளைவுகளில் ஜாம் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பேராதனைக்குப் பஸ்ஸில் போனது தனிக் கதை. மிருக வைத்திய பீடம் அங்கே இருப்பது மலைநாட்டுக்காரருக்கு ஒரு வசதிதான்.

முழுதாக வெட்டி எறிவது? விலாவில் சுண்டைக்காய் அளவுக் கட்டியென்றால் ஒரே மயக்கத்தில் வேலை முடியும், தப்பில்லை, எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினால். அந்த அக்கா வீட்டு நாய்க்கு ஓரிடத்தில் வெட்டினார்கள், எடுத்தது குப்பைக்குப் போனது. சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வந்தது. என்ன கட்டி என்று சொல்ல யாரிடமும் ஒன்றுமில்லை. காலிலோ சுற்றி இழுத்துத் தைக்கத் தோலே கிடையாது. பெயர் தெரியாமல் கத்தி வைத்தால், அகலமாக வெட்டும் வாய்ப்பை முதல் தடவையிலேயே பாழாக்கிவிடலாம்.

எக்ஸ்ரே, ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. அவை கட்டியின் பெயரைச் சொல்லாது, பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான். அதிலும் நெஞ்சில் சில மில்லிமீட்டர் புள்ளி எக்ஸ்ரேயில் தப்பிவிடும்.

எல்லா மிருகத்துக்கும் இதே வரிசை என்றும் இல்லை. வெளிநாடுகளில் செல்லமாக வளர்க்கும் ஃபெரட் என்ற கீரி மாதிரிப் பிராணிக்கு வால் நுனியில் கோர்டோமா என்றொரு கட்டி வரும், கையில் தட்டுப்படும். கணையத்தில் வந்து இன்சுலினை அளவுமீறிச் சுரக்கும் இன்சுலினோமா என்ற கட்டி சில மில்லிமீட்டர்தான். விரலுக்கும் எட்டாது, ஊசிக்கும் எட்டாது, ஸ்கேனிலும் பல நேரம் ஒளிந்துகொள்ளும். அதைக் காட்டிக்கொடுப்பது இரத்தத்தில் விழும் சீனி.

ஜிம்மிக்கு வந்தது மென்திசு சார்கோமா, வேகம் குறைந்த வகை. பெயர் தெரிந்த பிறகு, எவ்வளவு அகலம் வேண்டும் என்று திட்டமிட்டு வெட்டினார்கள். எடுத்த சதையின் மேல்பக்கத்தில் ஒரு நூல் முடிச்சுப் போட்டு அனுப்பினார் டொக்டர், எந்தப் பக்கம் எது என்று சோதிப்பவருக்குத் தெரிவதற்கு. ரிப்போர்ட்டில் கட்டிக்கும் வெட்டிய ஓரத்துக்கும் நடுவே மூன்று பக்கம் நல்ல இடைவெளி, முடிச்சுப் பக்கம் மட்டும் 2 மில்லிமீட்டர். இப்போது அட்டை பார்க்கும்போது அம்மாவின் விரல் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கூட நிற்கிறது.