விண்டோஸ் 11: குமரி மாவட்டத்துக் கடைக் கணினியில் ஏற்றலாமா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், டிடிபி கடை, ரப்பர் ஷீட் வாங்கும் கடை என்று கணினியை வைத்துப் பிழைப்பவர்கள் எல்லோருக்கும் அன்றிலிருந்து ஒரே கேள்வி: பதினொன்று போடலாமா? இங்கே பேசப்படுவது விண்டோஸ் 11-இன் 25எச்2 பதிப்பு. வீட்டில் படம் பார்க்கும் லேப்டாப் அல்ல, வருமானம் வரும் கணினிதான் கணக்கு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி மூன்றும் இருந்தால் ஏற்றுங்கள். ஆனால் ஃபார்மட் அடிக்காமல், இருக்கும் விண்டோஸ் மேலேயே ஏற்றுங்கள். ஹார்டு டிஸ்க்கில் ஓடும் கணினி என்றால் முதலில் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள், பிறகு பார்க்கலாம். ஏழாம் தலைமுறையும் அதற்குக் கீழும் என்றால் குறுக்கு வழியில் ஏற்ற வேண்டாம்.

கணினி தேறுமா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கடைகளில் செகண்ட்ஹேண்டாகக் கிடைக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க் வகை அலுவலகப் பெட்டிகளில் பல நான்காம், ஆறாம் தலைமுறை. ஐ5-4570, ஐ5-6500 போன்றவை தேறாது. ஐ3-8100 தேறும். கோடுக்குப் பின்னால் வரும் எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை; 10, 11, 12 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம். எட்டோ அதற்கு மேலோ என்றால் நிம்மதி. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து தேறும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 2200ஜி, 2400ஜி இரண்டும் உள்ளே பழைய ஜென் வடிவமைப்பு என்பதால் ஆதரவுப் பட்டியலில் இல்லை. இது தெரியாமல் காசு கொடுத்து வாங்கிவிட வேண்டாம்.

பிராசசர் தேறியும் "இந்தக் கணினி தகுதியற்றது" என்று வந்தால், பெரும்பாலும் பயோஸில்தான் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) விஷயம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு அணைந்திருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் அதன் பெயர் இருக்கும். அதை இயக்கினால் போதும். ஆனால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கும் லேப்டாப்பில் பயோஸைத் தொடும் முன் அதைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். 48 இலக்க மீட்புச் சாவியையும் தாளில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் மறுபடி இயக்கும்போது நீலத்திரையில் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி இல்லாமல் உள்ளே இருக்கும் கணக்கு எதுவும் திரும்ப வராது.

அடுத்த சிக்கல் நம் ஊர் வழக்கத்தால் வருவது. பழைய முறையில் விண்டோஸ் போட்டவர்கள் டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறையில் வைத்து சி, டி, இ, எஃப் என்று நாலாகப் பிரித்திருப்பார்கள். விண்டோஸ் 11-க்கு வேண்டியது யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறை, அதற்கு ஜிபிடி என்ற புதுப் பகுப்பு முறையில் உள்ள டிஸ்க். கோப்புகளை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றும் கருவி விண்டோஸிலேயே உண்டு. ஆனால் டிஸ்க்கில் எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் பகுதிகள் இருந்தால் அது வேலை செய்யாது; பிரைமரி பகுதிகளும் மூன்றுக்கு மேல் கூடாது. நாலாகப் பிரித்த டிஸ்க் அநேகமாக இதில்தான் மாட்டும். டி, இ, எஃப்பில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு எடுத்து, அந்தப் பகுதிகளை நீக்கிய பிறகே மாற்ற முடியும். மாற்றியதும் பயோஸில் லெகசி என்ற பழைய பூட் முறையிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற்ற மறந்தால் கணினி பூட் ஆகாது. கெட்டுப்போனதாக நினைத்துப் பதறத் தேவையில்லை.

கூடவே ஒரு சோதனை. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று ரேமின் பித்தளை நிறக் கால்களை மங்க வைக்கும். அன்றாட வேலையில் தெரியாத கோளாறு, மணிக்கணக்கில் ஓடும் அப்கிரேடின் நடுவில் வெளிப்படும். முந்தின நாளே ரேமைக் கழற்றி வெள்ளை ரப்பரால் கால்களை மெல்லத் துடைத்து மாட்டிவிட்டு, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒரு முறை ஓட விடுங்கள்.

கணினியோடு ஒட்டியிருப்பவை

உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான். கணினி தேறினாலும் அதில் செருகியிருப்பது தேறாவிட்டால் கடை நின்றுவிடும்.

கேனன் எல்பிபி 2900 இன்னும் ஓடுகிற கடைகளுக்கு நல்ல செய்தி: கேனனின் 64-பிட் கேப்ட் டிரைவரோடு விண்டோஸ் 11-இலும் அது அச்சடிக்கும். ஆனால் இதற்கு முந்தின 24எச்2 பதிப்பு முதல் பிரிண்டர் அமைப்புகளில் "விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட்" என்று ஒன்று வந்திருக்கிறது. அதை இயக்கினால் பிரிண்டர் நிறுவனங்களின் சொந்த டிரைவர்கள் நீங்கிவிடும். மாப்ரியா (நிறுவன டிரைவர் இல்லாமலே அச்சடிக்கும் பொதுத் தரம்) சான்று பெற்ற புதிய பிரிண்டர்கள் மட்டுமே நிற்கும். பாதுகாப்பு என்ற பெயரைப் பார்த்து இயக்கிவிடாதீர்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை நேரடிப் பேரலல் போர்ட்டில் மாட்டியிருந்தால் பெரிய மாற்றம் இல்லை.

ஒரே பிரிண்டரை இரண்டு மூன்று கணினிக்குப் பகிர்ந்து வைத்திருக்கும் கடைகளுக்குத்தான் தலைவலி. 24எச்2 புரோ பதிப்பிலிருந்து கடவுச்சொல் இல்லாத விருந்தினர் இணைப்பை விண்டோஸ் மறுக்கிறது. பகிர்வு இணைப்பைச் சரிபார்க்கும் எஸ்எம்பி கையொப்பமும் கட்டாயம். மூலையில் இருக்கும் விண்டோஸ் 7 கணினியில் பகிர்ந்த ஃபோல்டர் மறுநாள் திறக்காமல் போவது இதனால்தான். பாதுகாப்பைத் தளர்த்துவது தீர்வு அல்ல. பகிரும் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, அந்தப் பெயரிலேயே மற்றக் கணினிகளிலிருந்து நுழையுங்கள்.

கைரேகைக் கருவி, ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டுக்கும் விண்டோஸ் 11-க்கான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்கூட்டியே இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிரைவர் ஏற மறுத்தால் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு தடுத்திருக்கலாம். அதை அணைப்பதை விடப் புது டிரைவர் தேடுவதே நல்லது; ஊராரின் ஆதார் எண் புழங்கும் கணினி அது.

டேலி வைத்திருப்பவர்கள் தரவை பேக்கப் எடுத்து, அதை இன்னொரு கணினியில் ஒரு முறை திறந்து பாருங்கள். ஃபார்மட் செய்தே ஆக வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன் லைசென்ஸை சரண்டர் செய்ய மறக்கக் கூடாது. டாஸ் கால ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங் இன்னும் ஓடுகிற கடை என்றால் நில்லுங்கள். அது 32-பிட் விண்டோஸில் மட்டுமே நேரடியாக ஓடும் 16-பிட் நிரல். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து பில்லிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் ஃபாண்டுகள்

திருமணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பங்குத் திருவிழா நோட்டீஸ் அடிக்கும் டிடிபி கடைகள் ஃபார்மட் பேச்சைக் கேட்டாலே உஷாராக வேண்டும். பாமினி போன்ற ஃபாண்டுகள் யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த ஃபாண்ட் கோப்பு இல்லாத கணினியில் பத்து வருடத்துப் பத்திரிகைகளும் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தெரியும். களியக்காவிளை, குழித்துறைப் பக்கம் மலையாளமும் அடிக்கும் கடைகளில் எம்எல்-டிடி வகை ஃபாண்டுகளுக்கும் இதே கதிதான். இருப்பதன் மேலேயே ஏற்றினால் ஃபாண்டுகள் அப்படியே இருக்கும். இருந்தாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். பேஜ்மேக்கரை அடோபி கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. நிறுவும் சிடியும் சீரியல் எண்ணும் கையில் இல்லாதவர்கள் ஃபார்மட் செய்யவே கூடாது.

யூனிகோடிலும் ஒரு சிறு பள்ளம் உண்டு. லதா ஃபாண்டில் அமைத்த வேர்டு கோப்பு, புதிதாகப் போட்ட விண்டோஸில் நிர்மலா யுஐயில் திறந்து, வரி நீளம் மாறி, கடைசிப் பத்தி அடுத்த பக்கத்துக்கு ஓடும். லதாவும் விஜயாவும் இப்போது விருப்பக் கூறுகளில் "தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ்" என்ற பெயரில் தனியாக இருக்கின்றன. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸோடு வரும் தமிழ்99 விசைப்பலகை யூனிகோடு மட்டுமே தரும். பாமினியில் அடிக்கும்போது விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டி ஆங்கில விசைப்பலகைக்கு மாறிவிட வேண்டும். மாறாமல் அடித்துவிட்டு "ஃபாண்ட் கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டி மறுபடி நிறுவ ஆரம்பிக்காதீர்கள்.

ஏற்றும் முறை

நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி மொபைல் டேட்டாவில் இதைத் தொடங்க வேண்டாம். இறக்க வேண்டியது 5 ஜிபிக்கும் மேல். ஃபைபர் இணைப்பு இருக்கும் இடத்தில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் கருவியால் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று தயாரியுங்கள். அதிலிருந்து பூட் செய்யாமல், விண்டோஸ் 10 ஓடும்போதே அதன் செட்அப் கோப்பை இயக்குங்கள். "கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள்" என்ற தேர்வு மங்கலாக இருந்தால் மேலே போக வேண்டாம். அநேகமாக மொழி ஒத்துப்போகவில்லை: கணினியில் பிரிட்டிஷ் ஆங்கிலம், பென் டிரைவில் அமெரிக்க ஆங்கிலம், அல்லது மறுபுறம். சரியான மொழியில் பென் டிரைவை மறுபடி தயாரித்தால் தீரும்.

சி டிரைவில் 30 ஜிபி காலியாக இருக்கட்டும். வெளி ஆன்டிவைரஸை நீக்குங்கள். வெறுமனே நிறுத்தி வைப்பது போதாது. கீபோர்டு, மவுஸ் தவிர மற்ற யூஎஸ்பி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 0xசி1900101 என்று தொடங்கும் பிழை எண் வந்தால் டிரைவர்தான் காரணம்; மேற்சொன்ன இரண்டையும் செய்தாலே பல சமயம் சரியாகும்.

கரண்டு பற்றி அலட்சியம் கூடாது. எஸ்எஸ்டியில் ஒன்றிரண்டு மணி நேரமும், ஹார்டு டிஸ்க்கில் அரை நாளும் பிடிக்கலாம். கடையின் 600 விஏ யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினாலே அதிகம். நமக்கு ஆனி-ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி-கார்த்திகை இடிமழையும் உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பார்த்து, அது முடிந்த மறுநாள் காலையில், இன்வெர்ட்டர் லைனில் வைத்துத் தொடங்குவது உத்தமம். சான்றிதழுக்குக் கூட்டம் வரும் மே, ஜூனில் இ-சேவை மையங்களும், கோட்டாறு சவேரியார் திருவிழாவிலிருந்து கிறிஸ்துமஸ் வரை டிடிபி கடைகளும் இதைத் தொடவே வேண்டாம்.

பதினொன்று எப்படி இருக்கிறது?

நன்றாகவே இருக்கிறது. எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் இருந்தால் பத்தை விட மெதுவாகத் தோன்றாது. 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதை நம்ப வேண்டாம். பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே திணறும். ஸ்டார்ட் பட்டனை இடப்பக்கம் கொண்டுவர அமைப்பு உண்டு. ரைட் கிளிக் மெனு ஒரு படி கூடியது எரிச்சல்தான். வேர்டுபேடு போய்விட்டது, அதில் கடிதம் அடித்தவர்கள் வேறு நிரலுக்கு மாற வேண்டும். ஒன்டிரைவ் பேக்கப்புக்குச் சம்மதம் கேட்டால் யோசியுங்கள். இலவச இடம் 5 ஜிபிதான், டெஸ்க்டாப்பில் கொட்டி வைத்திருக்கும் கோப்புகள் அதை நிரப்பிவிடும்.

தேறாத கணினிக்கு

ரூஃபஸ் என்ற பென் டிரைவ் தயாரிக்கும் நிரல் மூலமோ விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தியோ ஆறாம் தலைமுறையில் பதினொன்றை ஏற்றித் தருவார்கள். ஓடவும் செய்யும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு அந்தக் கணினிக்குத் தானாக வராது. ஒவ்வொரு தடவையும் மறுபடி கடைக்குத் தூக்க வேண்டும். பணம் புழங்கும் கணினிக்கு இது ஆகாது. அதற்குப் பதில் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் காசு வேண்டாம். இல்லையென்றால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலர். இது தனிநபர் கணினிகளுக்கான திட்டம்; வணிகக் கணினிகளுக்கு ஏற்பாடு வேறு. அந்த அவகாசம் வேறு கணினிக்குப் பணம் சேர்க்க.

ஏற்றியபின் பழைய விண்டோஸுக்குத் திரும்ப 10 நாள்தான் அனுமதி. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் 11-ஆம் தேதி ஒன்று, 20-ஆம் தேதி ஒன்று. ஆகவே 21-ஆம் தேதிக்குப் பிறகு ஏற்றுவது நல்லது; ஆனால் அப்போது டோக்கனின் உண்மையான சோதனை பத்து நாளுக்கு வெளியே போய்விடும். ஏற்றிய அன்றே விண்டோஸின் டிஸ்ம் என்ற கட்டளைக் கருவியில் திரும்பும் கால அளவை 60 நாளாக்கிவிடுங்கள். பத்து நாள் கடந்தபின் அதைச் செய்ய முடியாது. டிஸ்க் கிளீனப்பில் "முந்தைய விண்டோஸ் நிறுவல்" என்ற கட்டத்தை அடுத்த 20-ஆம் தேதி தாக்கல் முடியும்வரை டிக் செய்யாதீர்கள்.