செல்ஃப் எடுக்காத கார்: ஜம்பர் கேபிளா, டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா, ஸ்கேனரா?

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. இப்படி நிற்கும் காரில் பல நேரம் முதலில் மாற்றப்படுவது பேட்டரி. அதற்கும் மசியவில்லை என்றால் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார். இரண்டையும் புதிதாகப் போட்ட பிறகும் வண்டி நகராதபோதுதான், பேட்டரியின் நெகட்டிவ்வை எஞ்சினோடும் வண்டி உடலோடும் இணைக்கும் எர்த் வயர் பக்கம் கை போகிறது. இந்த வீண்செலவைத் தடுக்க எந்தக் கருவி உதவும்? என் ஓட்டு, வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டருக்குத்தான். ஆனால் அதுவும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு.

கருவியே இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, இல்லையென்றால் டெர்மினலில் பிடிப்பு இல்லை. செல்ஃப் இறுகிப்போயிருக்கவும் வாய்ப்புண்டு. வெளிச்சம் துளியும் அசையவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. அப்போது ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் பக்கம் தேட வேண்டும். ‘டக டக டக’ என்று விடாமல் அடித்தால் அநேகமாக பேட்டரிதான்.

ஜம்பர் கேபிள் வீடு போய்ச் சேர உதவும். காரணத்தைச் சொல்லாது. இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் ஆகிவிட்டால் ‘பேட்டரி போச்சு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்ப வேண்டிய ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமல் இருந்தாலும், டிக்கி விளக்கு இரவெல்லாம் எரிந்திருந்தாலும் இதேபோலத்தான் நடக்கும். இன்னொன்றும் உண்டு. ஜம்பரின் கிளிப்பை பேட்டரிக் கம்பத்தில் மாட்டாமல், அதைச் சுற்றியுள்ள வயர் கிளாம்ப்பில் மாட்டினால், இடையில் பூத்திருக்கும் உப்பைத் தாண்டிக் கரண்ட் நேராக செல்ஃபுக்குப் போய்விடும். நல்ல பேட்டரி மீது வீண்பழி விழும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்று பார்க்காமல் புது பேட்டரி வாங்காதீர்கள்.

இனி மல்டிமீட்டர். சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் மேற்கொண்டு எதையும் சோதிப்பதில் பயனில்லை. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். மீட்டரின் உண்மையான பலம் அடுத்த சோதனையில் இருக்கிறது.

மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் ஈயத்தின் மேல், கிளாம்ப்பின் மேல் அல்ல. மறு முனை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில். ஒருவர் சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கட்டும். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது. 1, 2 என்று ஏறினால் எர்த் பட்டையோ அதன் போல்ட்டோ துருப்பிடித்திருக்கிறது. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை இதேபோல் பாருங்கள்; அங்கே 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். மீட்டரை ஓமில் வைத்து இந்த வயர்களைச் சோதிப்பது வீண். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது வெறும் 0.02 ஓம் தடை 3 வோல்ட்டை விழுங்கிவிடும். சாதாரண மீட்டரால் அந்த 0.02-ஐ அளக்கவே முடியாது, அதன் சொந்த வயர்களின் தடையே அதைவிட அதிகம்.

மீட்டர் ஏமாற்றும் இடத்துக்கு வருவோம். டிஜிட்டல் மீட்டர் சர்க்யூட்டிலிருந்து கரண்ட் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம், அதன் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். அதனால் உள்ளே பச்சை பூத்து அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும். ரிலே சாக்கெட்டில் எல்லாம் சரி என்று நினைத்து ஆளை அலைய வைப்பது இந்தக் காட்சிதான். பழைய பல்ப் வைத்த டெஸ்ட் லேம்ப் கால் ஆம்பியர் அளவுக்கு இழுப்பதால் அதே வயரில் மங்கலாக எரியும், அல்லது எரியாது. ஃப்யூஸ் பெட்டியை வேகமாகத் தடவிப் பார்க்கவும் டெஸ்ட் லேம்ப்தான் வசதி. ஆனால் இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வயர்களில் அதைக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடலாம். மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காரின் கணினியில் பதிவான எரர் கோடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் எல்லா நோய்க்கும் மருந்து என்று விற்கப்படுகிறது. செல்ஃப் சுற்றாத வண்டியில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. துருப்பிடித்த எர்த் போல்ட்டுக்கு எரர் கோடு கிடையாது. வோல்டேஜ் சரிந்தால் பல மாடியூல்கள் (காரின் குட்டிக் கணினிகள்) ஒரே நேரத்தில் தொடர்பு அறுந்ததாகக் கோடு போட்டு வைத்திருக்கும், அதை நம்பி இ.சி.யூ. வரை சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. மாறாக, எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் முதலில் எடுக்க வேண்டியது ஸ்கேனர்தான். எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாருக்கு பி0335, ஃப்யூல் பம்ப் சர்க்யூட்டுக்கு பி0230 என்று இடத்தையே காட்டிவிடும். செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். பூஜ்யத்திலேயே நின்றால் அதுவும் கிராங்க் சென்சாரைத்தான் கைகாட்டுகிறது. ஸ்கேனரைச் செருகியும் அதன் விளக்கு எரியாவிட்டால் ஃப்யூஸைப் பாருங்கள். பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் அந்த இணைப்புக்கும் ஒரே ஃப்யூஸ்.

நாலும் வாங்க முடியாது என்றால் முதலில் மல்டிமீட்டர், அடுத்து டெஸ்ட் லேம்ப். ஸ்கேனரைத் தேவைப்படும் அன்று கடன் வாங்கிக்கொள்ளலாம்.

காலையில் மட்டும் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது என்றால் அதற்கும் மீட்டர்தான் வழி. நெகட்டிவ் வயரைக் கழற்றி, 10 ஆம்பியர் அளவில் மீட்டரை இடையில் போட்டு, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அந்த சர்க்யூட்தான் கரண்டைத் தின்கிறது. மீட்டர் இடையில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும்.