மக்ரானா மார்பிள் தரை: பத்து வருடத்துக்கு மேல் புழங்கிய அனுபவம்

எங்கள் வீட்டு ஹாலிலும் பூஜை அறையிலும் ராஜஸ்தானின் மக்ரானா வெள்ளை மார்பிள் போட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னொரு வீடு கட்டினாலும் அந்த இரண்டு இடத்துக்கும் இதையேதான் போடுவேன். சமையல் மேடைக்கு மட்டும் மாட்டேன். அங்கே கருப்பு கிரானைட்தான் சரி.

மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, தக்காளி என எந்தப் புளிப்புப் பட்டாலும் மேல்பரப்பு லேசாகக் கரைந்து, பளபளப்புப் போய், மங்கலாக ஒரு தடம் விழும். இதைக் கறை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அது கல்லே அரித்துப்போன இடம். மறுபடி பாலிஷ் போட்டால்தான் போகும். கறை வேறு, எண்ணெய், மஞ்சள், காபி போன்றவை நுண்துளைகளுக்குள் இறங்கி நிற்பது. சீலர் (நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்துவிட்டால் கவலையே இல்லை என்று கடைகளில் சொல்வார்கள். கறை சீக்கிரம் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. புளிப்பை அது தடுக்காது.

பூஜை அறையில் இரண்டுமே வரும். குத்துவிளக்கிலிருந்து வடியும் எண்ணெய் கறையாகும். பித்தளைச் சாமான்களை அங்கேயே வைத்துப் புளி போட்டுத் தேய்த்தால் கல் அரித்துப்போகும். அதனால் விளக்குக்கு அடியில் எப்போதும் ஒரு தாம்பாளம், தேய்ப்பதெல்லாம் கொல்லைப்புறத்தில். எண்ணெய் இறங்கிவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்து, காய்ந்ததும் துடைக்க வேண்டும். பழைய கறை ஒரே தடவையில் போகாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். வெள்ளைக் கல்லில் மஞ்சள் கறை என்றால் தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைக்கலாம். அரிசி மாவுக் கோலம் தாராளமாகப் போடலாம். காவி வேண்டாம், அதன் சிவப்பு கல்லில் ஏறிவிடும்.

வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். தாஜ்மகாலுக்கும் கொல்கத்தா விக்டோரியா நினைவகத்துக்கும் ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்துதான் கல் போனது. அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பால் வேறு வெள்ளைக் கற்களும் அதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. ஸ்லாபைத் தண்ணீர் ஊற்றி நனைத்துப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் உலர்ந்த பிறகும் ஈரம் தங்கிய கோடு தெரிந்தால் அங்கே விரிசல் இருக்கலாம். பின்பக்கம் கல் உடையாமல் பிடித்துக்கொள்ள வலை ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இத்தாலியக் கற்களில் அது வழக்கம்தான், மக்ரானாவில் கேட்டே ஆக வேண்டும். அப்புறம், வெள்ளைக் கல்லை வெள்ளை சிமென்ட் வைத்தே பதிக்கச் சொல்லுங்கள். சாம்பல் சிமென்டின் நிறம் மேலே தெரியும்.

வேலை முடிந்ததும் சிமென்ட் திட்டுகளைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுவது நம் ஊர் வழக்கம். மேஸ்திரியிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், மார்பிள் பக்கம் ஆசிட் வரவே கூடாது. பாத்ரூம் கழுவும் திரவங்களும் அப்படித்தான்.

தினசரிப் பராமரிப்பு சுலபம். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் மார்பிளின் கடினம் 3, மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் அதைவிடக் கடினம், 7. செருப்போடு வரும் மணல்தான் கீறுகிறது. வாசலில் நல்ல மிதியடி போட்டு, உலர்ந்த மாப்பால் தூசியை எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும். எங்கள் ஹாலில் நடைபாதை மங்கியபோது மெஷின் வைத்து மறுபாலிஷ் போட்டோம். வெள்ளைச் சேறு சுவர் வரை தெறிக்கும். பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் பாலிஷை முதலில் முடித்துவிடுங்கள்.