புதியது என்று விற்கப்படும் பழைய ஏர் பெல்லோ: பின் சஸ்பென்ஷனை வீட்டிலேயே மாற்ற இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2006 முதல் 2013 வரை தயாரிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 (இ70) வண்டியை, அதிலும் மூன்றாம் வரிசை இருக்கை உள்ளதை வைத்திருப்பவர்கள், பின் சக்கரங்களுக்கான ஏர் பெல்லோவை (ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியின் எடையைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பையை) இணையம் வழியாக வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புத்தம் புதியது என்ற உறுதிமொழியுடன், பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் பெட்டியில் வைத்து எனக்கு விற்கப்பட்டது, வேறு ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிக் கறுப்புச் சாயம் பூசிய பழைய பொருள். பணத்தைத் திருப்பித் தர மறுக்கும் விற்பனையாளர் சொல்லும் காரணம், அதை நான் வீட்டில் வைத்துப் பொருத்தினேன் என்பது.

இந்த வண்டியில் முன்பக்கம் இரும்புச் சுருள் ஸ்பிரிங்தான். பின்பக்கம் மட்டுமே காற்றில் நிற்கிறது. பின்பக்கத்திலும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் பெல்லோ தனியாகவும் இருப்பதால், ஜாக்கி, ஸ்டாண்டு, பொறுமை ஆகிய மூன்றும் உள்ள ஒருவர் பெல்லோவை மட்டும் வீட்டிலேயே மாற்றிவிட முடியும். நூலிழை பதித்த ரப்பரால் ஆன பெல்லோ, வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து, அந்த மடிப்பிலேயே வெடிப்பு விடுகிறது. இரவில் நிறுத்திய வண்டி காலையில் பின்பக்கம் தாழ்ந்து கிடந்தால், முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். என் வண்டியிலும் அங்கேதான் குமிழி வந்தது.

வேறொரு நகரத்தில் இருக்கும் விற்பனையாளர் ஒருவர், வண்டி நிறுவனத்துக்கே பெல்லோ செய்து தரும் தொழிற்சாலையின் பொருள் என்றும், சென்ற ஆண்டு தயாரிப்பு என்றும், ஓராண்டு வாரண்டி உண்டு என்றும் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் உறுதி சொன்னார். இரண்டு பெல்லோவுக்கும் சேர்த்து 36,000 ரூபாயை யு.பி.ஐ. மூலம் செலுத்தினேன். அவர் அனுப்பிய பில்லில் பாகத்தின் எண் இல்லை. 'கார் உதிரிபாகம்' என்ற இரண்டு சொற்களே இருந்தன. எண்ணுடன் கூடிய பில் தபாலில் வரும் என்றார். அது வரவேயில்லை.

பொருத்தியதில் குறை என்று அவர் சொல்வதால், எப்படிப் பொருத்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வண்டியைத் தூக்கும்போது அதுவாகவே மட்டம் சரிசெய்ய முயலாதபடி சஸ்பென்ஷனுக்குரிய பியூஸைக் கழற்றினேன். ஜாக்கியை நம்பாமல் இருபுறமும் ஸ்டாண்டில் நிறுத்தினேன். பழைய பெல்லோவின் காற்றை வெளியேற்றிய பிறகே குழாயைக் கழற்றினேன். குழாயின் நுனியை நேராக வெட்டிப் புதிய இணைப்பியில் செருகினேன். எல்லாவற்றையும் விட முக்கியமாக, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே பெல்லோவுக்குள் காற்று ஏற்றி, மடிப்பு சரியாக விழுந்திருப்பதைப் பார்த்த பிறகே வண்டியைத் தரையில் இறக்கினேன். காற்றில்லாத பெல்லோவின் மீது வண்டியின் எடையை இறக்கினால் ரப்பர் தவறாக மடிந்து, புதிய பொருளாக இருந்தாலும் பாழாகிவிடும். குழாய் இணைப்புகளைச் சோப்பு நுரையில் சோதித்தபோது ஒரு குமிழிகூட வரவில்லை.

முதலில் வண்டி நேராக நின்றது. சில வாரங்களில் இடப்பக்கம் இரவுதோறும் இறங்கத் தொடங்கியது. கசிவை ஈடுகட்டுவதற்காகப் பின்பெட்டித் தளத்துக்கு அடியில் இருக்கும், பெல்லோவுக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, சூடேறி, ஒரு நாள் நின்றுபோனது. பெல்லோவில் போன பணத்தைவிட இந்தச் சேதம் எனக்குக் கூடுதல் வேதனை தந்தது. நல்ல நிலையில் இருந்த கம்ப்ரசர் அது.

பெல்லோவைக் கழற்றிக் கழுவியபோது கறுப்புச் சாயம் செதிள் செதிளாக உரிந்து வந்தது. அடியில் பழைய லேபிளின் பசைத் தடம் இருந்தது. மடிப்பில், சாயத்தால் அடைக்கப்பட்டிருந்த நுண்ணிய வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. அடிப்பகுதி பிளாஸ்டிக்கில் ஒரு சிறு வட்டம். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்புக்குறி, அதன் இருபுறமும் 0, 9. அச்சில் வார்க்கப்படும் பிளாஸ்டிக் பாகங்களில் தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் காட்டுவதற்காகப் போடப்படும் குறி இது. 2009-இல் வார்த்த பாகத்தைத்தான் சென்ற ஆண்டு தயாரிப்பு என்று என்னிடம் விற்றிருக்கிறார்கள்.

படங்களை அனுப்பியதும், உங்கள் கம்ப்ரசர்தான் கெட்டது என்றார் விற்பனையாளர். பிறகு, அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பின் பில் இல்லாமல் வாரண்டி செல்லாது என்றார். இந்த நிபந்தனை விளம்பரத்திலோ, பெட்டியிலோ, பில்லிலோ, அவர் அனுப்பிய எந்தச் செய்தியிலோ இல்லை. மேலும், யார் பொருத்தினாலும் 2009-இல் செய்த பொருள் சென்ற ஆண்டுப் பொருளாகிவிடாது. வீட்டில் வேலை செய்பவர்களிடம் ஒர்க்‌ஷாப் பில் இருக்காது என்று தெரிந்தே, அவர்களுக்கென்று ஒதுக்கி விற்கும் சரக்கோ இது என்று சந்தேகிக்கிறேன்.

எனவே, பெட்டி கைக்கு வந்ததும் பிரிப்பதை முழுவதுமாக வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டக் குறியைத் தேடுங்கள். அதன் மேல் சாயம் இருந்தால் அதுவே போதுமான சாட்சி. ரப்பரைப் பிடித்திருக்கும் உலோக வளையம் சுற்றிலும் ஒரே சீராக நெரிக்கப்பட்டிருக்க வேண்டும். சுத்தியல் தழும்போ, திருகு வைத்த கிளாம்போ இருந்தால் ஒருமுறை பிரித்துப் பூட்டியது என்று பொருள். மடிப்பைக் கட்டைவிரலால் விரித்துப் பாருங்கள். இறக்குமதியான பொருள் என்றால், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச விற்பனை விலை ஆகியவை பெட்டி மேல் இருக்க வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. வண்டியில் பொருத்தாமல் வெளியில் வைத்துக் காற்றடித்துச் சோதிக்க மட்டும் முயலாதீர்கள். தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத பெல்லோ வெடித்து ஆளைக் காயப்படுத்தக்கூடும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். நான் மனு கொடுத்த பிறகு, பாதிப் பணம் தருகிறேன், மனுவைத் திரும்பப் பெறுங்கள் என்று விற்பனையாளர் கேட்டார். மறுத்துவிட்டேன். கம்ப்ரசருக்கான செலவையும் சேர்த்தே கேட்டிருக்கிறேன்.

அவருடைய விளம்பரம் இன்றும் அதே வாசகங்களோடு இருக்கிறது. யாரிடம் வாங்கினாலும், பணம் செலுத்தும் முன் அந்த வட்டக் குறியின் படத்தையும், பாக எண்ணுடன் கூடிய பில்லையும், வீட்டில் பொருத்தினாலும் வாரண்டி உண்டு என்பதை எழுத்திலும் கேட்டு வாங்குங்கள். மூன்றில் ஒன்றைத் தர மறுத்தாலும் அவரிடம் வாங்க வேண்டாம்.