இமாட்டினிப் மாத்திரையுடன் பத்தாண்டுகளுக்கு மேல்: சின்னத் தொந்தரவுகளின் கணக்கு

மருத்துவரைக் கேட்டால் இமாட்டினிப்பின் பக்கவிளைவுகள் பெரும்பாலும் லேசானவை என்பார். மறுக்க முடியாது. வெள்ளையணுக்கள் லட்சத்தைத் தாண்டி ஏறி, மண்ணீரல் வீங்கி இடப்பக்க விலாவுக்குக் கீழே கெட்டியாகத் தட்டுப்படும் நோய்க்கு முன்னால் கண் வீக்கமும் சதைப்பிடிப்பும் என்ன பெரிய விஷயம்? ஆனால் அந்த லேசான தொந்தரவு தினமும் வரும், வருடக்கணக்கில் வரும். சி.எம்.எல். என்கிற நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்க்காகத் தினம் 400 மில்லிகிராம் மாத்திரை விழுங்கும் தையல்காரி நான். கும்பகோணத்தில் வீட்டோடு கடை. நானும் என்னைப் போன்ற மற்றவர்களும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று நினைத்த தருணங்களை எண்ணிப் பார்த்தால், பின்னால் இருப்பது அநேகமாக இந்தச் சில்லறைத் தொந்தரவுகளில் ஒன்றுதான்.

மாத்திரையின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் ஒன்றின் துண்டை மற்றொன்று வாங்கிக்கொள்வதால் கோளாறான ஒரு புரதம் உண்டாகி, வெள்ளையணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. இமாட்டினிப் அந்தப் புரதத்தின் வாயை அடைக்கிறது. அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு இந்த நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி, இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. நம் நாட்டில் கிளிவெக் மாத்திரைக்கு (இமாட்டினிப்பை முதலில் கொண்டுவந்த நிறுவனம் அதற்கு வைத்த பெயர்) காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்தை இந்திய நிறுவனங்கள் பத்தாயிரத்துக்குள் தந்துகொண்டிருந்த காலம் அது. அந்தத் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் பக்கவிளைவைப் பற்றிப் பேச நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

வெறும் வயிற்றில் இந்த மாத்திரை ஆகவே ஆகாது. குமட்டல் தொண்டைவரை வந்து நிற்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் சிலருக்கு ஒத்துக்கொள்கிறது. எனக்குத் தூக்கம் கெட்டது. மதியம் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு, கடைசியில் மோர்சாதமும் உள்ளே போனபின், பெரிய தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, ஒரு மணி நேரமாவது சாயாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பொருந்திய முறை. வாந்தியில் மாத்திரை வெளியேறிவிட்டாலும் அன்றைக்கு இன்னொன்று போடக் கூடாது. மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான அளவு போதும். முதல் சில மாதங்களில் வயிற்றுப்போக்கும் இருந்தது. அரிசிக் கஞ்சி, உப்பு சர்க்கரைக் கரைசல், மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை என்று சமாளித்ததில் பிறகு தானாகவே குறைந்தது.

கண் வீக்கம் குறையவில்லை. காலையில் எழுந்தால் மேலிமையும் கீழிமையும் நீர் கோத்து உப்பியிருக்கும். அளவு கொடுக்க வரும் பெண்கள் "என்ன அக்கா, அழுதீர்களா?" என்று கேட்பார்கள். வீட்டில் ஏதோ சண்டை என்று தெருவே முடிவுகட்டியிருந்தது. மறுத்துச் சொல்லி அலுத்துப்போய், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்ததும், தலைக்கு இன்னொரு தலையணை வைத்ததும் ஓரளவு உதவின. பத்து மணிக்குள் வீக்கம் பாதி வடிந்துவிடும். கவனிக்க வேண்டியது எடை. வாரத்துக்குள் இரண்டு மூன்று கிலோ ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ அது வேறு விஷயம். நீர் உடம்புக்குள் வேறு இடங்களில் சேர்கிறது என்று பொருள். உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே எடைக்கருவியில் எடை பார்ப்பது என் வழக்கம். கண்ணின் வெள்ளையில் திடீரென்று ரத்தச் சிவப்பாகத் திட்டு தோன்றுவதும் உண்டு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பார்வை மங்காமல், வலியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் தானே மறையும். ஆனாலும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

என் தொழிலுக்குப் பெரிய எதிரி சதைப்பிடிப்பு. ரவிக்கைத் துணியை நான்காக மடித்து, கைக்குழி வளைவை வெட்டிக்கொண்டு போகும்போது கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொள்ளும். மற்ற விரல்கள் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் மடங்கியபடியே நின்றுவிடும். விடு என்றால் விடாது. இடக்கையால் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திக் கத்தரிக்கோலைக் கழற்ற வேண்டும். வாடிக்கையாளர் எதிரே நின்றால் துணியில் ஏதோ குறை தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். இரவில் இதே கதை கெண்டைக்காலில்.

இதை "சாதாரணம்தான்" என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னபோது கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட், வைட்டமின் டி நான்கையும் பார்க்கச் சொன்னார். இந்த மருந்து ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கக்கூடியது. எனக்குக் குறைந்திருந்தது வைட்டமின் டி. அதைச் சரிசெய்தபின் பிடிப்பு பாதியாயிற்று, முழுதாகப் போகவில்லை. படுக்கும் முன் சுவரில் கை ஊன்றிக் குதிகாலைத் தரையில் அழுத்திக் கெண்டைச்சதையை நீட்டுவது, வெந்நீர்ப் பை, பகலெல்லாம் போதிய தண்ணீர் என்று மீதியை ஓட்டுகிறேன். வெட்டு வேலையைக் காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டேன். நாள் முழுக்க ஒரே மூச்சில் வெட்டுவது இனி எனக்கு இல்லை.

அடுத்தது நிறம். முதல் வருடத்துக்குள்ளேயே என் முகமும் கைகளும் வெளுக்கத் தொடங்கின. தோலுக்கு நிறம் தரும் செல்களுக்குத் தேவையான வேறொரு புரதத்தையும் இந்த மருந்து சேர்த்து அடக்கிவிடுவதால் வரும் விளைவு இது. நம்மைப் போன்ற நிறத்தவர்களிடம் நன்றாகவே தெரியும். வீட்டுக் கல்யாணம் ஒன்றில் நாத்தனார் என்னை ஓரமாக அழைத்துப்போய் என்ன கிரீம் என்று கேட்டார். புற்றுநோய் மாத்திரை என்றேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. பிறகு, "இருந்தாலும் முகம் எடுப்பாகத்தான் இருக்கிறது" என்றார். உயிர்க்கொல்லி நோயின் மருந்தால் வந்த வெளுப்பையும் பாராட்டாக மாற்றத் தெரிந்த ஊர் நம்முடையது. எனக்கு என் பழைய நிறம்தான் பிடித்திருந்தது. வெயில் முன்பைவிடச் சுருக்கென்று சுடுகிறது. குடையும் முழங்கைவரை மூடும் ரவிக்கையும் இல்லாமல் வெளியே போவதில்லை. நரைத்த முடி திரும்பக் கறுத்தவர்களும் இந்த மருந்தை எடுப்பவர்களில் உண்டு. அந்த அதிர்ஷ்டம் எனக்கு வாய்க்கவில்லை.

அசதியைப் பற்றிச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. ஹீமோகுளோபினும் தைராய்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மதியம் அரை மணி நேரம் ஓய்வை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் நான் கண்ட வழி.

வேறு மருந்துகளுடன் மோதல் என்பது பலர் கவனிக்காத இடம். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் இமாட்டினிப்பின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் அதை ஏற்றிவிடும். பம்பளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட்டும் அப்படித்தான். நான் பம்பளிமாஸையும் சேர்த்தே விட்டுவிட்டேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடுவதைக்கூடக் கேட்டுக்கொண்டு செய்வது கல்லீரலுக்கு நல்லது. வேர், பொடி, இலைச்சாறு என்று அன்போடு கொண்டுவருபவர்களிடம் வாங்கி வைத்துக்கொள்கிறேன், சாப்பிடுவதில்லை. குழந்தை பெற நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். கருவுக்கு இந்த மருந்து ஆகாது.

மாத்திரை தவறுவதைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. லண்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், எழுதிக் கொடுத்த அளவில் 90 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களுக்கு நோய் கட்டுப்படுவது வெகுவாகக் குறைந்திருந்தது. பத்து சதவீதம் என்றால் மாதத்தில் மூன்றே மாத்திரை. கல்யாணம், பயணம், பொங்கல் விடுமுறையில் மூடிய மருந்துக்கடை ஆகியவை போதும் அந்த மூன்றுக்கு. ஒருமுறை கடைக்காரர் சரக்கு வர நான்கு நாள் ஆகும் என்று கையை விரித்தார். அதிலிருந்து பத்து நாளுக்கான மாத்திரை எப்போதும் வீட்டில் உபரியாக இருக்கும். கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் அட்டையில் தேதியைக் குறித்து வைக்கிறேன். புதிதாக ஏதேனும் தொந்தரவு வந்தால் மருத்துவரிடம் சொல்ல வசதி.

பலன் தெரிவது பி.சி.ஆர். பரிசோதனையில். அந்தக் கோளாறான புரதத்தை உண்டாக்கும் மரபணுவின் தடயம் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று அது சதவீதத்தில் சொல்லும். மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குக் கீழ், ஆறு மாதத்தில் 1 சதவீதத்துக்குக் கீழ், ஒரு வருடத்தில் 0.1 சதவீதத்துக்குக் கீழ் என்பது பொதுவான இலக்கு. எனக்குச் சில வருடங்களாக நோயின் தடயமே அகப்படுவதில்லை. அதனால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். பிரான்சில் முதலில் இப்படி நிறுத்திப் பார்த்தவர்களில் பத்துக்கு நான்கு பேர்போல மருந்தில்லாமலே தொடர்ந்தார்கள். நோய் திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பி, மருந்தை மறுபடி தொடங்கியதும் அடங்கியது. நிறுத்தினால் அந்த ஆறு மாதமும் மாதாமாதம் பரிசோதனை வேண்டும். அதன் செலவு மாத்திரையின் செலவைத் தாண்டும். போதாக்குறைக்கு, நிறுத்தியபின் சிலருக்கு மூட்டும் தசையும் மாதக்கணக்கில் வலிக்குமாம். தீபாவளித் தையல் தலைக்கு மேல் கிடக்கும் இந்த நேரத்தில் அந்தச் சோதனை எனக்கு வேண்டாம். கார்த்திகையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.