மரங்களடர்ந்த மலைப்பாதையில் கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ்: ஜியோகேச்சிங் ஆர்வலரின் மதிப்புரை

பிறர் ஒளித்து வைத்த பெட்டிகளை ஜிபிஎஸ் உதவியால் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டே ஜியோகேச்சிங். நகரப் பூங்காவில் ஒளித்து வைத்திருக்கும் பெட்டியைத் தேடக் கைப்பேசியே போதும். அதற்காகத் தனி ஜிபிஎஸ் கருவி வாங்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரின் ஹையாக் என்னும் இடத்திலிருந்து மேற்கே செல்லும் பழைய இரயில் தடத்தில் நடக்கப்போகிறவருக்குக் கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் என்னும் கையடக்க ஜிபிஎஸ் கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அத்தடத்தில் ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் நீளமுள்ள, விளக்கே இல்லாத ஸ்னோக்வால்மி சுரங்கத்தைக் கடந்து காட்டுச்சரிவில் ஏறினால், 2001இல் ஒரு திரைப்பட விளம்பரத்துக்காக வைக்கப்பட்டு, 2011இல் களவுபோய், 2017இல் மீண்டும் உயிர்பெற்ற 'டன்னல் ஆஃப் லைட்' பெட்டியை அடைய முடியும். (குளிர்காலத்தில் சுரங்கம் மூடப்பட்டிருக்கும்.)

இந்தக் கருவியின் முதல் பலம் மின்கலம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு ஏஏ மின்கலங்களில் ஏறத்தாழ 25 மணி நேரம் இயங்கும் என்கிறது நிறுவனம். தீர்ந்துவிட்டால் நடுக்காட்டிலும் மாற்றிக்கொள்ளலாம். குளிரில் ஆல்கலைனைவிட லித்தியம் வகை நன்றாகத் தாங்கும். தொடுதிரை இல்லாமல் பொத்தான்களும் கட்டைவிரலால் அசைக்கும் குமிழும் மட்டுமே இருப்பது கடையில் பார்க்கும்போது பழமையாகத் தோன்றினாலும், மழையிலும் கையுறையோடும் அதுவே வசதியாகிறது. 2.2 அங்குலத் திரை சிறியதுதான். எனினும் வெயிலில் தெளிவாகத் தெரிகிறது.

குறை கடைசிப் பத்து மீட்டரில் இருக்கிறது. 22எக்ஸில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நாம் நடக்கும் திசையைக் கொண்டே அம்புக்குறி திரும்புவதால், நின்றுவிட்டால் அதை நம்ப முடியாது. டக்ளஸ் ஃபர் மரங்களின் அடர்த்தியும் பாறைச்சுவரில் பட்டுத் திரும்பும் செயற்கைக்கோள் சமிக்ஞைகளும் இடக்கணிப்பை மேலும் குழப்புகின்றன. இதனோடு, பெட்டியை வைத்தவருடைய கருவியின் பிழையும் சேர்ந்துகொள்கிறது. எனவே, இருபது அடி பின்வாங்கி இரு வேறு பக்கங்களிலிருந்து சீரான நடையில் அணுகி, இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுவதே நல்லது. இயல்பாக விழாததுபோல் அடுக்கிய பட்டைத்துண்டுகளும் கற்களும் அம்புக்குறியைவிட அதிகம் சொல்லும்.

பெட்டிகளின் விவரம், குறிப்புதவி, முந்தையோர் எழுதிய பதிவுகள் அனைத்தையும் ஜிபிஎக்ஸ் (இடக்குறிப்புகளைச் சேமிக்கும் வகை) கோப்பாக ஏற்றிக்கொண்டால் இணையமின்றிப் படிக்கலாம். ஜியோகேச்சிங் தளத்தின் கட்டணச் சந்தாதாரர்கள் ஒரே தொகுப்பில் 1,000 பெட்டிகள்வரை இறக்கிக்கொள்ள முடியும். சந்தா கட்டியவர் கைப்பேசிச் செயலியிலும் பட்டியலை முன்கூட்டியே சேமிக்கலாம் என்பதால், இதைக் கருவிக்கே உரிய சிறப்பாகக் கொள்ள முடியாது. இன்னமும் மினி யூஎஸ்பி வடத்தையே கேட்பது எரிச்சலூட்டுகிறது. அந்த வடம் இன்று எத்தனை வீடுகளில் இருக்கிறது?

திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் கொண்ட 32எக்ஸ் இதன் உடன்பிறப்பு. சரிவான காடுகளிலேயே பெரும்பாலும் தேடுகிறவர் விலை வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டு அதை வாங்கலாம். ஆண்டில் ஓரிரு முறை மட்டும் மலையேறுகிறவருக்கு 22எக்ஸும் மாற்று மின்கலங்களும் ஒரு நல்ல தலைவிளக்கும் போதும்.