சந்தக்ஃபூ லேண்ட் ரோவர் பயணம்: பழைய வண்டியையே கேட்டு ஏறுங்கள்

மேற்கு வங்கத்தில் மானேபஞ்சாங் ஊரிலிருந்து சந்தக்ஃபூ சிகரம் வரை 31 கிலோமீட்டர். டீ குடிக்க நின்றதையும் சேர்த்து, ஏறி முடிக்க எங்களுக்கு நாலு மணி நேரம் ஆனது. 3636 மீட்டர் உயரத்தில் நின்றால் எவரெஸ்டும் காஞ்சன்ஜங்காவும் ஒருசேரத் தெரியும் என்றுதான் எல்லோரும் போகிறார்கள், நான் போனது ஏறுகிற அந்த நாலு மணி நேரத்துக்காக. அந்தப் பாதையில் 1950களின் லேண்ட் ரோவர்கள் இன்னமும் வாடகைக்கு ஓடுகின்றன. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வண்டிகள் என்கிறார்கள். துடைத்துக் கண்காட்சியில் நிறுத்திய வண்டிகள் இல்லை, ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு பிழைப்புக்கு ஓடுபவை.

எங்களுக்கு வந்தது 1954 மாடல் என்றார் டிரைவர் அண்ணன். கதவைத் தட்டிப் பார்த்தேன், அலுமினியம். இத்தனை மழையிலும் பனியிலும் உடம்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அன்றைய பஞ்சம்தான். போர் முடிந்த இங்கிலாந்தில் இரும்புத் தகடு ரேஷனில் கிடைத்தது. ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார், அது ஓய்ந்துவிட்டால் வேறு எதை வாங்குவது என்ற யோசனையில்தான் 1947ல் இந்த வண்டி உருவானது, முதல் மாதிரியை ஜீப்பின் சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேலேயே கட்டினார்கள். இரும்பு இல்லாததால் அலுமினியக் கலவை, தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய அச்சுகளுக்குச் செலவழிக்க முடியாததால் தட்டைத் தகடுகள். அந்தப் பெட்டி போன்ற உருவத்தை யாரும் அழகுக்காக வரையவில்லை, எனக்கு அதுதான் அழகு. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாமில் அறிமுகம். கார் வியாபாரம் நிமிரும்வரை சமாளிக்கலாம் என்று ஆரம்பித்தது, பின்னாளில் டிஃபெண்டர் என்று பெயர் மாறி 2016 ஜனவரி 29 வரை சோலிஹல் தொழிற்சாலையில் உருண்டது. மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்ச், நாலு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், ஒவ்வொரு கல்லும் முதுகுக்குத் தெரியும். இடுப்பு வலிக்காரர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் தயவுசெய்து இதில் ஏற வேண்டாம். ஆனால் வழியில் வரும் கைரிபாஸ் ஊரைத் தாண்டிய ஏற்றத்தில், ஒரு பக்கம் பள்ளம், எதிரே கையகலத் திருப்பம், அண்ணன் வண்டியை நிறுத்தி லோ கியரைப் போட்டார் பாருங்கள், அதற்கப்புறம் எந்த அவசரமும் இல்லாமல், மாடு ஏர் இழுக்கிற மாதிரி, ஒரே சீராக ஏறியது. முதல் இரண்டு கியருக்கு சின்க்ரோமெஷ் (பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது, ஒவ்வொரு முறையும் கிளட்சை இரண்டு தடவை மிதித்துத்தான் கியரை இறக்க வேண்டும், அவர் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உள்ளே இருந்தது மஹிந்திரா டீசல் இன்ஜின். ஆரம்பகால 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 50 குதிரைசக்திதான், பாகம் தேடி அலைவதைவிடப் பக்கத்து ஊர்ப் பட்டறையில் பிரித்துப் பூட்ட முடிவதைப் போட்டிருக்கிறார்கள். இது வண்டியைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பண்ணையில் கையில் கிடைத்ததை வைத்துப் பழுதுபார்க்கத்தானே இதைச் செய்தார்கள்.

ஒரே ஒரு மனவருத்தம். ஏஜென்ட் ஒருவரிடம் லேண்ட் ரோவர் என்று சொல்லி முன்பணம் கட்டியிருந்தேன், காலையில் வந்து நின்றது பொலேரோ. நிறைய இடங்களில் கான்கிரீட் போட்டுவிட்டதால் அதுவும் ஏறுகிறது, வசதியும் அதிகம், "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றார். ஒன்று இல்லை. அரை மணி நேரம் பேசித்தான் மாற்றினேன், அதனால் மானேபஞ்சாங் போய் நேரிலேயே வண்டியைப் பார்த்துப் பேசிவிடுங்கள், வாடகை ஏறவும் இறங்கவும் சேர்த்துத்தானா, இரவு தங்கினால் எவ்வளவு என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது பின்னால் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, இறங்கும்போது மட்டும் டிரைவர் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே அவர் இறக்குவது அங்கிருந்துதான் தெரியும்.